கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு கார்டு எப்படித் தேறுகிறார்? ஷாட், ஷாட் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது கார்டுகளைப் பற்றித்தான். பந்தைக் கொண்டுவந்து, வளையத்திலிருந்து தள்ளி நின்று ஆட்டத்தை நடத்துபவரே கார்டு. போன பருவத்தில் தடுமாறியவர் இப்போது தேறிவிட்டாரா, எறிந்த ஷாட்டுகளில் விழுந்தவற்றின் சதவீதம் ஏன் ஏறி இறங்குகிறது, எந்த ஷாட்டை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பல ஆண்டுகளாக மடியில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கை தேறுவது ஒன்று. எடுக்கும் ஷாட் மாறுவது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒரு கார்டின் வளர்ச்சியை அளக்க முடியாது.

கார்டின் ஷாட்டைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

பந்து அதிக நேரம் இருப்பது அவர் கையில்தான். வளையத்தின் அருகே நிற்கும் உயரமான ஆட்டக்காரருக்கு இன்னொருவர் பந்தைக் கொடுக்கிறார். அவர் எடுக்கும் ஷாட் பெரும்பாலும் அவருக்காக முன்பே அமைக்கப்பட்டது. கார்டு அப்படியல்ல. எறிவதா, கொடுப்பதா, உள்ளே புகுவதா என்பதை ஓடிக்கொண்டே, அரை நொடியில், அவரே முடிவு செய்கிறார். அவர் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மற்ற நால்வரும் பந்தைத் தொடாமலே அணியின் அந்தத் தாக்குதல் வாய்ப்பு முடிந்துபோகும்.

கல்லூரியில் மூன்று புள்ளிக் கோடு எவ்வளவு தூரம்?

அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளேயிருந்து என்றால் இரண்டு. கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவாக அது வந்தது 1986-87 பருவத்தில். அப்போது தூரம் 19 அடி 9 அங்குலம். 2008-09இல் ஆண்களுக்கு 20 அடி 9 அங்குலமாயிற்று. 2019-20இலிருந்து, கல்லூரிகளின் உயர்மட்டமான முதல் பிரிவில், ஆண்கள் ஆட்டத்தில் சர்வதேசத் தூரமான 22 அடி 1.75 அங்குலம், பெண்கள் 2021-22 முதல் அதே கோட்டுக்கு வந்தார்கள். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் 23 அடி 9 அங்குலம், மூலைகளில் மட்டும் 22 அடி.

உயர்நிலைப் பள்ளிகளில் இன்றும் 19 அடி 9 அங்குலம்தான். ஆக, கல்லூரிக்குள் நுழையும் பதினெட்டு வயதுப் பிள்ளை முதல் நாளே இரண்டு அடிக்கு மேல் பின்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பள்ளியில் பிரமாதமாக எறிந்தவர் முதலாம் ஆண்டில் ஏன் சொதப்புகிறார்?

அந்த இரண்டு அடி ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் நேரம். பள்ளியில் பந்தைப் பிடித்து, அதன் தையல்கோடு விரலுக்கு வாகாக வரும்படி திருப்பி, முழங்காலை மடித்து எறிய அவகாசம் இருந்தது. கல்லூரியில் தடுக்க வருபவர் இன்னும் நீளமான கையோடு வருகிறார், வேகமாகவும் வருகிறார். பள்ளியில் திறந்த ஷாட்டாக இருந்த அதே ஷாட் இங்கே முகத்துக்கு நேராக ஒரு கையைப் பார்த்துக்கொண்டு எறிய வேண்டிய ஷாட்.

கால்களையும் மறக்கக் கூடாது. ஷாட்டின் விசை தோளிலிருந்து வருவதில்லை, காலிலிருந்து வருகிறது. எதிரணியின் வேகமான கார்டைத் துரத்திக்கொண்டு முப்பது நிமிடம் ஓடியவரின் பந்து கடைசிப் பத்து நிமிடத்தில் வளையத்தின் முன்விளிம்பில் இடித்து விழும். முதலாம் ஆண்டு கார்டுகளின் தவறுகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். இரண்டாம் பாதியில் முன்விளிம்பில் இடிப்பவை கூடுகின்றனவா என்று பாருங்கள். கூடினால் அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை உடல் வலு. கையின் பாணியை மாற்றத் துடிக்கும் பயிற்சியாளர் அவசரப்படுகிறார் என்பது என் கருத்து.

படிப்படியாகத் தேறியவர் என்று ஒருவரைக் காட்ட முடியுமா?

பட்டி ஹீல்ட். பஹாமாஸிலிருந்து வந்து ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். 2012-13இல், அவருடைய முதல் பருவத்தில், மூன்று புள்ளி ஷாட்டுகளில் நான்கில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அடுத்த பருவத்தில் 38.6 சதவீதம். மூன்றாம் ஆண்டில் 35.9. அந்த ஆண்டு ஓக்லஹோமா ஆடும் 'பிக் 12' என்ற கல்லூரி லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் கிடைத்தது. பலர் அந்த இடத்திலேயே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருப்பார்கள். அவர் நான்காம் ஆண்டும் கல்லூரியிலேயே இருந்தார்.

அந்த நான்காம் ஆண்டில், 2015-16இல், 322 மூன்று புள்ளி ஷாட்டுகள் எறிந்து 147 போட்டார்: 45.7 சதவீதம். ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளிகள். 2016 ஜனவரியில் கான்சாஸ் அணியின் சொந்த அரங்கில், மூன்று கூடுதல் நேரங்கள் வரை நீண்டு 109-106 என முடிந்த ஆட்டத்தில், தோற்ற அணிக்காக 46 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் ரசிகர்களே எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினார்கள். அதை இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எண்ணிக்கையும் சதவீதமும் சேர்ந்து ஏறியதுதான் அவரிடம் கவனிக்க வேண்டியது. வழக்கமாக ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். எதிரணிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் தன்னையே குறிவைத்த ஆண்டில் இரண்டையும் ஏற்றினார் என்றால், அவருடைய கை உண்மையாகவே தேறியிருந்தது.

அதே பருவத்தின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகள் மோதும் சுற்றில் வில்லனோவா அணி ஓக்லஹோமாவை 95-51 என்று வீழ்த்தியது. ஹீல்டுக்கு 9 புள்ளிகள்தான். 12 ஷாட்டில் 4 மட்டுமே விழுந்தன. எவ்வளவு தேறிய கையானாலும், நல்ல ஷாட்டே கிடைக்காதபடி ஓர் அணி தடுத்துவிட்டால் அந்தக் கைக்கு வேலை இல்லை.

சதவீதம் இறங்கினால் ஆட்டக்காரர் தேய்ந்துவிட்டார் என்று பொருளா?

அப்படி முடிவுகட்டாதீர்கள். இந்தத் தவறைத்தான் அதிகம் காண்கிறேன்.

டேவிட்சன் கல்லூரியில் ஸ்டீபன் கரி 2007-08 பருவத்தில் 162 மூன்று புள்ளி ஷாட்டுகள் போட்டார். ஒரு பருவத்துக்கு அதுவே அன்றைய சாதனை. சதவீதம் 43.9. அடுத்த ஆண்டு அது 38.7 ஆக இறங்கியது. கை கெட்டுவிட்டதா? இல்லை. முந்தைய பருவத்தில் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஜேசன் ரிச்சர்ட்ஸ். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக அஸிஸ்ட் (தோழர் கூடையில் போட வழிசெய்யும் பாஸ்) சராசரி அவருடையது. ஸ்கிரீனை, அதாவது தடுப்பவரின் வழியை மறித்து நிற்கும் தோழரை, சுற்றி ஓடிவந்து, அவர் கொடுத்த பந்தைப் பிடித்த கையோடு எறிந்தார் கரி. ரிச்சர்ட்ஸ் படித்து முடித்துப் போனதும் அந்தப் பொறுப்பும் கரியின் தலையில் விழுந்தது. தானே டிரிபிள் செய்து, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு வந்து, தானே இடத்தை உண்டாக்கி, இரண்டு பேர் சூழ்ந்திருக்க எறிந்தார். அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிகப் புள்ளிச் சராசரி அவருடையது: 28.6.

அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் முதலாம் ஆண்டில் 40.6 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 33.2. அந்த இரண்டாம் ஆண்டில்தான் புள்ளியிலும் அஸிஸ்டிலும் ஒரே பருவத்தில் நாட்டில் முதலிடம் பிடித்தார். பெண்கள் முதல் பிரிவில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. பிறகு 38.9, 37.8 என்று மேலே வந்தார். கடைசிப் பருவமான 2023-24இல் 201 மூன்று புள்ளி ஷாட்டுகள் போட்டார். அவற்றில் பல, கோட்டுக்கு வெகு பின்னாலிருந்து எறியப்பட்டவை. மொத்தம் 3,951 புள்ளிகளோடு கல்லூரியை விட்டுப் போனார். 33.2 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து அவரைக் கைவிட்டிருந்தால் எவ்வளவு பெரிய பிழையாகியிருக்கும்!

சதவீதம் இறங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இவர் எடுக்கும் ஷாட் மாறியிருக்கிறதா என்பது. கையைச் சந்தேகிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை ஷாட் பார்த்த பிறகு ஒரு சதவீதத்தை நம்பலாம்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஆட்டத்துக்கு ஐந்து வீதம் முப்பது ஆட்டங்களில் 150 மூன்று புள்ளி ஷாட்டுகள் எடுக்கும் கார்டை எடுத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான திறன் 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வெறும் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கமே ஏறக்குறைய நான்கு சதவீதப் புள்ளி வரும். ஒரே கை, ஒரே பாணி, ஒரே ஷாட்டுகள்; ஆனால் ஒரு பருவம் 31இல் முடியலாம், இன்னொன்று 39இல் முடியலாம். இந்த வரம்பைத் தாண்டிப் போவதும் மூன்றில் ஒரு முறை நடக்கும். 31 என்றால் "தேய்ந்துவிட்டார்" என்றும் 39 என்றால் "அபார முன்னேற்றம்" என்றும் எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பருவம் முழுவதிலும் பன்னிரண்டு பந்துகள்.

அப்படியானால் முன்கூட்டியே எதை வைத்துக் கணிப்பது?

எதிரணி தவறிழைத்தால் கிடைக்கும் தனி எறிவான ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். பதினைந்து அடி, தடுக்க ஆளில்லை, ஓட்டமில்லை. கை மட்டும் தனியாகப் பேசும் இடம் அது. மூன்று புள்ளியில் 31 சதவீதமும் ஃப்ரீ த்ரோவில் 85 சதவீதமும் வைத்திருக்கும் இளம் கார்டைக் கண்டால் எனக்கு நம்பிக்கை பிறக்கும். அறுபது ஷாட்டில் 40 சதவீதம் போட்டுவிட்டு ஃப்ரீ த்ரோவில் 62இல் நிற்பவரைப் பார்த்தால் காத்திருப்பேன். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜே. ஜே. ரெடிக் தன் நான்கு ஆண்டுகளில் 457 மூன்று புள்ளி ஷாட்டுகள் போட்டார். அவருடைய ஃப்ரீ த்ரோ சதவீதம் 91.2.

கையில் என்ன மாற்றம் வந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பந்தின் தையலைப் பாருங்கள். மறுஒளிபரப்பில் வேகத்தைக் குறைத்து, பந்து கையை விட்டுக் கிளம்பும் கணத்தில் நிறுத்துங்கள். நன்றாக எறிந்த பந்து நேராகப் பின்னோக்கிச் சுழலும். தையல்கள் ஒரே ஒழுங்கில் உருளும். சுழற்சி பக்கவாட்டில் சாய்ந்து, தையல்கள் தள்ளாடினால், பெரும்பாலும் குற்றவாளி துணைக்கையின் கட்டைவிரல். வலக்கைக்காரர் என்றால் இடக்கை பந்தைத் தாங்கிப் பிடித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் அந்தக் கட்டைவிரல் கடைசி நொடியில் பந்தைத் தள்ளிவிடுகிறது. முதலாம் ஆண்டில் பந்து வளையத்தின் இடமும் வலமும் இடித்து, மூன்றாம் ஆண்டில் இடித்தாலும் முன்னும் பின்னுமாக இடித்தால், நேர்கோடு வந்துவிட்டது, இனி தூரம்தான் பழக வேண்டும் என்று பொருள். பார்வைக்கு இரண்டும் தவறவிட்ட ஷாட்தான். ஆனால் இரண்டாவதில் ஒரு கோடைக்கால உழைப்பு தெரிகிறது.

அடுத்தது பந்தின் வளைவு. வளையத்தின் விட்டம் 18 அங்குலம். ஆண்கள் பந்தின் விட்டம் ஏறக்குறைய 9.4. பந்து 45 பாகையில் இறங்கினால் அதற்குத் தெரியும் வாயின் அகலம் 12.7 அங்குலம். 35 பாகையில் அது 10.3 ஆகச் சுருங்கும். 30 பாகையில் 9. அதாவது பந்தைவிடச் சிறிய வாய். தட்டையாக எறிபவர் தனக்குத் தானே கூடையைச் சுருக்கிக்கொள்கிறார்.

மூன்றாவது பாதம். பந்து வரும்போது கால்கள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றனவா, அல்லது பிடித்த பிறகுதான் ஒழுங்குபடுகின்றனவா? தடுப்பவர் வந்து சேர்வதற்கு அந்த இடைவெளி போதும். ஒரு கார்டு தேறியிருக்கிறார் என்பது எனக்கு முதலில் தெரிவது கையில் அல்ல, காலில்தான்.

நல்ல ஷாட், கெட்ட ஷாட் என்று எப்படிப் பிரிப்பது? விழுந்தால் நல்லதுதானே?

விழுவதை வைத்துப் பிரிக்காதீர்கள். ஒரே ஒரு தாக்குதல் வாய்ப்பை அருகிலிருந்து பார்ப்போம்.

பந்து கிடைத்த அணி எறிவதற்குள்ள நேரத்தைக் காட்டும் ஷாட் கடிகாரத்தில் 30 நொடி. (1993-94 முதல் ஆண்களுக்கு 35 ஆக இருந்தது, 2015-16இல் 30 ஆனது.) இப்போது 19 ஓடுகிறது. கோட்டுக்கு வெளியே, உச்சியில், கார்டின் கையில் பந்து. வலப்பக்கம் உயரமான தோழர் வந்து ஸ்கிரீன் போடுகிறார். கார்டைத் தடுப்பவர் கார்டை ஒட்டியபடி ஸ்கிரீனைத் தாண்டாமல், அதற்குப் பின்னால் வளையத்தின் பக்கமாகச் சுற்றி வருகிறார். "நீ எறி, பார்க்கலாம்" என்ற அழைப்பு அது. கார்டுக்கு ஒரு நொடிக்கும் குறைவான வெளி கிடைக்கிறது. உடல் நேராக இருக்கிறது, கால் தயார். எறிந்தால் அது நல்ல ஷாட். விழாவிட்டாலும் நல்ல ஷாட்.

அதே கார்டு தயங்கி, ஒரு டிரிபிள் கூடுதலாக வைத்து, இரண்டு எட்டு இடப்பக்கம் சறுக்கி, கோட்டுக்கு ஓர் அடி உள்ளே, தடுப்பவர் முன்னால் நிற்கும்போது எறிகிறார். விழுகிறது. அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. ஆனாலும் அது கெட்ட ஷாட். மூலையில் ஒருவர் தனியாகக் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். கடிகாரத்தில் இன்னும் 14 நொடி இருந்தது.

திறந்த ஷாட்டை விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தானே?

இல்லை. தேர்வு என்றாலே குறைவாக எறிவது என்று பலர் நினைக்கிறார்கள். தனியாக நிற்கும்போது எறிய மறுப்பதும் தேர்வுப் பிழைதான். அவர் விட்டுக்கொடுத்த பந்து நான்கு கை மாறி, கடிகாரம் ஐந்தைத் தொடும்போது, தயாராக இல்லாத ஒருவரிடம் போய்ச் சேரும். அவர் அவசரத்தில் எறிந்து தவறவிட்டால் கணக்கு அவர் பெயரில் எழுதப்படும். முதலில் தயங்கியவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. என் நோட்டில் இதற்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

நடுத்தூர ஷாட் ஒழிய வேண்டுமா?

வளையத்தருகேயும் இல்லாமல், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியேயும் இல்லாமல் நடுவிலிருந்து எறிவதுதான் அது. ஒழிய வேண்டாம், அளவாக இருக்க வேண்டும். ஒரு சிறு கணக்கு. ஆட்டத்துக்குப் பத்து ஷாட் எடுக்கும் கார்டு: வளையத்தருகே நான்கு, 60 சதவீதம், நடுத்தூரத்தில் மூன்று, 35 சதவீதம், மூன்று புள்ளி ஷாட் மூன்று, அதுவும் 35 சதவீதம். கிடைப்பது 10.05 புள்ளி. கை சிறிதும் தேறாமல், நடுத்தூர ஷாட்டுகளில் ஒன்றை முன்னே தள்ளி வளையத்தருகேயும், இன்னொன்றை ஓர் அடி பின்னே தள்ளிக் கோட்டுக்கு வெளியேயும் மாற்றினால் 10.9. முப்பது ஆட்டங்களில் இருபத்தைந்து புள்ளிக்கு மேல், புதிதாக எதுவும் கற்காமலே.

ஆனால் கடிகாரம் தீரும் நேரத்தில், அல்லது எதிரணியின் உயரமானவர் பின்வாங்கி வளையத்தைக் காத்து நிற்கும்போது, நடுவில் இருக்கும் அந்த வெளியைப் பயன்படுத்தத் தெரியாத கார்டு மாட்டிக்கொள்வார். குள்ளமான கார்டுக்கு ஃப்ளோட்டர் ஓர் உயிர்க்கருவி. ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்பி, தடுப்பவரின் விரல்களுக்கு மேலே பந்தை மெல்ல மிதக்கவிடுவது. அது இல்லாவிட்டால், வளையத்தருகே ஓடிச் சென்று போடும் அவருடைய லே-அப்புகளில் பாதி தட்டிவிடப்படும்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

சாதாரணச் சதவீதம் மூன்று புள்ளிக்கும் இரண்டு புள்ளிக்கும் ஒரே மதிப்பு கொடுக்கிறது. அதற்குப் பதிலாகச் செயல்திறன் சதவீதம் பாருங்கள்: விழுந்த மூன்று புள்ளி ஷாட்டுகளில் பாதியை, விழுந்த மொத்த ஷாட்டோடு கூட்டி, எறிந்தவற்றால் வகுக்க வேண்டும். பதினைந்தில் ஆறு விழுந்தன, அவற்றில் நான்கு மூன்று புள்ளி என்றால் ஆறும் இரண்டும் எட்டு. பதினைந்தால் வகுத்தால் 53.3. சாதாரணக் கணக்கில் அதே ஆட்டம் 40 சதவீதம்தான்.

"இன்று கை சூடாக இருக்கிறது" என்பது உண்மையா?

1985இல் தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், ஏமஸ் ட்வெர்ஸ்கி மூவரும் ஆராய்ந்து, அது மனமயக்கம் என்று முடிவுக்கு வந்தார்கள். கார்னெல் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களை எறியவைத்தும் பார்த்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோஷுவா மில்லர், ஆடம் சன்ஹுர்ஹோ இருவரும் அந்தக் கணக்கிலேயே ஒரு நுட்பமான சாய்வு இருந்ததைக் காட்டினார்கள். அதைச் சரிசெய்தால் கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்கிறது என்றார்கள். என் கவலை வேறு. சூடு இருந்தாலும் அது சிறியது. அதை நம்பி எடுக்கும் அடுத்த ஷாட்டோ மிகவும் கடினமானது. இரண்டு விழுந்ததும் மூன்றாவதை இருபத்தெட்டு அடியிலிருந்து எறிபவர், கிடைத்த சூட்டைத் தூரத்திலேயே செலவழித்துவிடுகிறார்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

பருவ காலத்தில் அணியோடு வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம் என்பது விதி. வாரம் ஒரு நாள் ஓய்வு. எனவே கை பழகுவது பெரும்பாலும் தனியாக, அவரவர் விருப்பத்தில் நடப்பது. நின்ற இடத்திலிருந்து ஐந்நூறு எறிவதைவிட, மைதானத்தின் ஒரு முனையிலிருந்து ஓடிவந்து, மூச்சு வாங்கும்போது நூறு எறிவது மேல். ஆட்டத்தில் மூச்சு வாங்காமல், நின்ற இடத்திலேயே கார்டுக்குப் பந்து கிடைப்பது அரிது.

பயிற்சியாளரின் பங்கு என்ன?

ஒரு தவறான ஷாட்டுக்கு உடனே வெளியே அழைத்து உட்காரவைத்தால், அந்தப் பிள்ளை அடுத்த பத்து ஆட்டங்களுக்குக் கூடையைப் பார்க்காமல் பயிற்சியாளரின் முகத்தைப் பார்ப்பார். எந்த ஷாட்டுக்குப் பச்சைக்கொடி, எதற்கு இல்லை என்று பருவம் தொடங்கும் முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். அனுமதித்த ஷாட் இருபது முறை தவறினாலும் திட்டக் கூடாது. அனுமதிக்காத ஷாட் விழுந்தாலும் பாராட்டக் கூடாது. இரண்டாவதுதான் கடினம், அரங்கமே கைதட்டும்போது முகத்தை இறுக்கிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

நானும் குறித்துப் பார்க்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு கார்டைத் தேர்ந்தெடுங்கள். முதலாம் ஆண்டு அல்லது இரண்டாம் ஆண்டு ஆட்டக்காரராக இருந்தால் நல்லது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நான்கு விஷயங்கள் எழுதுங்கள்: எங்கிருந்து எறிந்தார், பிடித்தவுடனா டிரிபிளுக்குப் பிறகா, தடுப்பவர் எவ்வளவு நெருக்கம், கடிகாரத்தில் எத்தனை நொடி. விழுந்ததா இல்லையா என்பதைக் கடைசிக் கட்டத்தில், பென்சிலால், சிறியதாகக் குறியுங்கள். எறியாமல் விட்ட திறந்த ஷாட்டுகளுக்குப் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் விடுங்கள். நவம்பரில் எழுதிய முதல் ஐந்து பக்கங்களையும் பிப்ரவரியில் எழுதிய ஐந்து பக்கங்களையும் அருகருகே வைத்து, அந்தப் பென்சில் குறிகளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மற்ற குறிப்புகளில் அந்த மூன்று மாதங்களில் என்ன மாறியது என்று வாசியுங்கள்.